ரத்தக்கட்டு வேறு, ரத்த உறைவு வேறு

கருத்தடை மாத்திரை பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: "அரிதாகச் சிலருக்கு ரத்தக்கட்டு ஏற்படலாம்." யூடியூபில் பேசுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், மாத்திரையோடு வரும் தாளைத் தமிழாக்குகிறவர்களும் இதைத்தான் எழுதுகிறார்கள். மதுரைப் பக்கம் இதை வாசித்துக் காட்டினால் ஒருவரும் கலங்க மாட்டார்கள். மாடிப்படியில் முட்டி இடித்தால் தோல் கன்றி நீலம் பாய்கிறதே, அதுதான் எங்கள் ஊரில் ரத்தக்கட்டு. கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் வாங்கி, இழைத்துச் சூடாக்கிப் பத்துப் போட்டால் நாலு நாளில் வற்றிவிடும். "அடியே படலையே, ரத்தக்கட்டு எப்படிக்கா வரும்?" என்று மாத்திரை சாப்பிடுகிற பெண் கேட்டால் கேள்வி நியாயமானது. தப்பு அந்த வரியில் இருக்கிறது.

மூலச்சொல் திராம்போசிஸ். கிரேக்கத்தில் திராம்போஸ் என்றால் கட்டியாகத் திரண்டது. உறைந்த ரத்தத்துக்கும் திரைந்த பாலுக்கும் அதே சொல். தமிழிலும் பால் உறைகிறது, ரத்தமும் உறைகிறது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

விரலில் அரிவாள்மனை பட்டால் ரத்தம் உறையத்தான் வேண்டும். காயமே இல்லாமல், ஓடுகிற குழாய்க்குள்ளேயே உறைந்து வழியை மறிப்பதுதான் திராம்போசிஸ். பெரும்பாலும் கெண்டைக்காலிலோ தொடையிலோ ஆழத்தில் ஓடும் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில் வரும். அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலில் போய்ச் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கருத்தடைக்கான கூட்டு மாத்திரையில் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டின் என்று இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜென் கல்லீரலைத் தூண்டி, ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைக் கூட்டுகிறது. 1960-ல் அமெரிக்காவில் கருத்தடைக்கென்று அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜென் இருந்தது. நம் அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் 30 மைக்ரோகிராம்தான்.

ஆகவே ஆபத்து இன்று சிறியது. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013-ல் சொன்ன கணக்கு இது: மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு இந்த உறைவு வருகிறது. மாலா-என்னில் உள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் வகையைச் சாப்பிடுகிறவர்களில் 5 முதல் 7 பேர். டிராஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் வகைகளில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் இதைவிட அதிகம். பீதி கிளப்ப ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஐந்தாறு பேரில் ஒருத்திக்குக் கால் வீங்கும்போது அவள் தலையில் எந்தச் சொல் இருக்கிறது என்பது முக்கியம்.

"கட்டு என்றால் தேங்குவது, சளி கட்டுகிறது, நீர் கட்டுகிறது, பால் கட்டுகிறது என்கிறோமே, ரத்தம் கட்டினால் என்ன?" என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு இருக்கும் பயமே அதில்தான். கட்டு என்ற சொல் தன் வைத்தியத்தையும் கையோடு கூட்டி வருகிறது. நீர் கட்டினால் ஒத்தடம், பால் கட்டினால் இதமாக நீவிவிடுவது, ரத்தம் கட்டினால் தைலம். ரத்தக்கட்டு என்று கேட்ட வீட்டில் அம்மாவோ மதினியோ முதலில் செய்வது எண்ணெய் போட்டு உருவிவிடுவதுதான். ஆழச் சிரையில் உறைந்திருக்கும் காலை அப்படி அழுத்தித் தேய்க்கவே கூடாது. உறைந்தது பெயர்ந்து மேலே போகலாம். இந்த இடத்தில் சொல் பிசகினால் கையும் பிசகும்.

"ரத்தக் கட்டி" என்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். கட்டி என்றதும் நம் வீடுகளில் புற்றுநோய்தான் ஞாபகம் வரும். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிது கூடுகிறது, சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் குறைகின்றன என்பதெல்லாம் இந்த மாத்திரையைப் பற்றிய தனிச் செய்தி. இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பக் கூடாது.

தனித்தமிழ் அன்பர்கள் "ஆழ்சிரைக் குருதியுறைவு" என்கிறார்கள். சொல் சுத்தம், பிழை ஏதும் இல்லை. ஆனால் "ஊசி போட நரம்பே சிக்கலை" என்று ஆஸ்பத்திரியில் சிரையையும் நரம்பு என்று சொல்லிப் பழகிய ஊர் இது. ஆழ்சிரை என்றால் யாருக்கு எட்டும்?

என் தேர்வு, பாடநூலுக்கு ரத்த உறைவு. பெண்கள் கையில் போகும் தாளுக்கு உறைவடைப்பு. அடைப்பு என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். "ஹார்ட்டில் அடைப்பு" என்றால் பத்துப் போடாமல் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள்தான் நாம். அந்த அவசரம் இங்கேயும் வேண்டும். வரியை இப்படி எழுதலாம்: "அரிதாகச் சிலருக்கு ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்." இரண்டு வரி கூடுதலாகப் போனால் காகிதம் ஒன்றும் தீர்ந்துவிடாது. அகராதியைப் பார்த்து 'கிளாட்' என்பதற்கு நேரே கட்டு என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு நாள் மெடிக்கல் கடை வாசலில் நின்று கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்பார்கள் அங்கே. "கர்ப்பப்பை நீர்க்கட்டிக்கு மாத்திரை." நீர்க்கட்டி என்கிறார்களே, அது இருப்பது சினைப்பையில். அதற்கு எழுதித்தரும் மாத்திரை பல சமயம் இதே கூட்டு மாத்திரைதான். கல்லூரிப் பெண்ணுக்கு அது "நீர்க்கட்டி மாத்திரை" என்றுதான் தெரியும். கால் வீங்கிப் போகும்போது டாக்டர் "கருத்தடை மாத்திரை ஏதும் சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் அம்மா முகம் சிவந்து "ஐயையோ, இல்லைங்க" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.