பன்னிரண்டு வோல்ட் வழியில் எங்கே தொலைகிறது?

"ரெண்டு தரம் பல்ப் மாத்திட்டன் தம்பி. இந்தா, மூணாவது சோடி. இது நூறு வாட்டாம். இதையாவது போட்டு விடுங்க."

போன மாரியில், கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பெட்டி பிரிக்காத ஹெட்லைட் பல்ப் இரண்டை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னது இது. 1980களின் கொரோலா. முதல்நாள் இரவு மழைத் தூறலில் படுவான்கரை றோட்டால் வந்திருக்கிறார். நடுறோட்டில் மாடுகள் படுத்துக் கிடந்ததைக் கிட்டப் போன புறகுதான் கண்டாராம். நம்முடைய மட்டக்களப்புப் பக்கத்தில் இரவில் கார் ஓட்டுகிற எல்லாருக்கும் அந்த மாடுகளைத் தெரியும். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் என்றால் மாட்டோடு யானையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சேர், அந்தப் பெட்டியைப் பிரிக்காதீங்க. முதல்ல மீட்டரைப் பிடிச்சுப் பார்ப்பம்" என்றேன். அவருக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. மங்கலாக எரிகிற லைட்டுக்குப் பெரிய பல்ப் என்பது எல்லாருக்கும் உடனே தோன்றும் கணக்கு. பல ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளும் அதைத்தான் சொல்லி அனுப்புகின்றன.

எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.9 வோல்ட் இருந்தது. நல்ல சார்ஜ். டிம் லைட்டை எரியவிட்டு, பல்பின் பின்பக்கத்தில் பிளஸுக்கும் எர்த்துக்கும் (கரண்ட் கார் உடம்பு வழியாகப் பற்றரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற பக்கம்) இடையில் அளந்தேன். 10.6. அதாவது 3.3 வோல்ட் வழியில் தொலைந்துபோயிருந்தது. ஹலஜன் பல்பின் குணம் என்னவென்றால், வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட வேகமாக விழும். அந்தப் பல்புகளின் வெளிச்சத்தைக் கொம்பனிகள் கணக்கிடுவது 13.2 வோல்ட்டில். 12 வோல்ட்டுக்கு வந்தால் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 10.6 என்றால் பாதி கூட மிஞ்சாது. சேர் வாங்கிய புதுப் பல்புகள் நல்ல பல்புகள்தான். அவற்றுக்குச் சாப்பாடு போகவில்லை.

இந்த அளவை லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு சொக்கட்டில் மீட்டரை வைத்தால், இழைகளில் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் அறுந்துபோன வயர் கூட 12 வோல்ட்டை முழுசாகக் காட்டும். கிணற்றுப் பம்பின் குழாய் முனையைக் கையால் பொத்திப் பாருங்கள், பிரஷர் நன்றாகத்தான் இருக்கும். கையை எடுத்துத் தண்ணீரை ஓடவிட்டால்தான் குழாய் எங்கோ அடைத்திருப்பது தெரியவரும். டெஸ்டர் லைட் வைத்துப் பார்த்துவிட்டு "கரண்ட் வருது, பல்ப்தான் பிழை" என்று சொல்பவர்கள் விழுகிற குழி இதுதான். நானும் வேலை பழகிய காலத்தில் அதில் விழுந்தவன்.

மறுகா தொலைந்த வோல்ட்டைத் தேட வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரி மைனஸிலும் மற்ற முனையைப் பல்பின் எர்த் பின்னிலும் வையுங்கள். லைட் எரிய வேண்டும். நல்ல எர்த் என்றால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. சேருடைய காரில் 1.1. இனி பிளஸ் பக்கம். பற்றரி பிளஸில் ஒரு முனை, பல்பின் பிளஸில் மற்றது. 2.2 இருந்தது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே நான் வேலையைத் தொடங்கிவிடுவேன். அந்த 2.2ஐப் பிரித்துப் பார்த்ததில், சுவிச்சில் மட்டும் 1.2, பியூஸ் பெட்டியில் 0.3, மிச்சம் கனெக்டரிலும் வயரிலும்.

எர்த்தைத் தேடிப் போனால் லைட்டுக்குக் கீழே, கார் உடம்பில் முறுக்கிய ஒரு சின்ன ஆணி. அதைச் சுற்றி பெயின்ட், அதற்கு மேல் துரு. வயரை உரித்தால் செம்புக் கம்பி கறுத்து, பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. களிம்பு வெளியில் தெரிகிற இடத்தோடு நின்றுவிடுவதில்லை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, முறுக்கு வயரின் இழைகள் தண்ணீரைப் பிளாஸ்டிக் உறைக்குள்ளே இழுத்துக்கொண்டு போகும். நுனியை மட்டும் சுரண்டி மறுபடி முறுக்கினால் அடுத்த மாரிக்கு அதே வாடிக்கையாளர் அதே குறையோடு வருவார். செம்பு மினுங்குகிற இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சேருடைய வயரில் ஒரு சாண் போனது.

மட்டக்களப்பில் இது அதிகம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடி, நாவலடி, பாலமீன்மடுப் பக்கம் வெளியில் நிற்கிற வாகனங்களுக்கு உப்புக்காற்றிலிருந்து தப்பவே முடியாது. அதற்குமேல் மார்கழி, தை வெள்ளம். கிரான் பாலத்துப் பக்கம் தண்ணீருக்குள்ளால் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் எஞ்சின் நிற்கவில்லை என்ற சந்தோசத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பம்பருக்குள் இருக்கும் கனெக்டர்களுக்குள் போன தண்ணீர் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். வெள்ளம் வற்றியதும் அந்தக் கனெக்டர்களைக் கழற்றி, நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் வாசலின் தடவிப் பூட்டினால் போதும். பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

இனி அந்த நூறு வாட் கதை. சாதாரண எச்.4 பல்பில் டிம் 55 வாட், ஹை பீம் 60 வாட். இரண்டு பக்கமும் டிம் எரியும்போது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். சேருடைய சுவிச்சில் தொலைந்த 1.2 வோல்ட்டை 9 ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 11 வாட் சூடு, ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுவிச்சுக்குள். அவர் கொண்டுவந்த பல்பில் டிம் 90 வாட். அதைப் போட்டால் கரண்ட் 15 ஆம்பியருக்குப் போகும். சுவிச்சுக்குள் சூடு 30 வாட்டைத் தொடும். நான் ஈயம் உருக்குகிற இரும்பும் 30 வாட்தான்.

கணக்கு நம்பிக்கை தராவிட்டால் காத்தான்குடி நானா ஒருவரின் மீன் வேனைச் சொல்கிறேன். அதே நூறு வாட் பல்புகள், பழைய வயரிங். முதல் வாரம் "பட்டப்பகல் மாதிரி இருக்கு" என்று சொன்னார். பிறகொரு இரவு வாழைச்சேனையிலிருந்து மீனேற்றிக்கொண்டு போகும்போது, ரிதிதென்னைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில் பிளாஸ்டிக் கருகும் மணம் வந்து இரண்டு லைட்டும் ஒன்றாய் அணைந்துவிட்டன. யானை குறுக்கே வருகிற றோட்டு அது. விடியும்வரை நின்றிருக்கிறார். சுவிச் உருகி ஒரே கட்டியாகிவிட்டது. பியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டார். பியூஸ் பெட்டியைத் திறந்தேன். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாள்.

சேருடைய காருக்கு நான் செய்தது பெரிய வித்தை இல்லை. டிம்முக்கொன்று, ஹை பீமுக்கொன்று என்று இரண்டு ரிலே, அதாவது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிச். பற்றரியிலிருந்து நேரே 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ். அது ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்குப் போகும். 87ஆம் காலிலிருந்து பல்புக்கு. பழைய வயர் இனி 85க்கும் 86க்கும் இடையிலுள்ள சின்னச் சுருளை மட்டும் இயக்கினால் போதும். அதற்குக் கால் ஆம்பியர் கூட வேண்டாம், சுவிச் குளிர்ந்துவிடும். இரண்டு லைட்டுக்கும் புதிய எர்த் வயர் போட்டு, பெயின்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பில் முறுக்கினேன். ரிலேயின் கால்கள் கீழே பார்க்கும்படி பூட்டினால் தண்ணீர் தேங்காது.

ஆனால் எல்லாக் காருக்கும் இப்படியே வயர் கொடுக்கக் கூடாது. பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில் பல்புக்குப் பிளஸ் நேராக வந்து நிற்கும், சுவிச் எர்த்தைத்தான் வெட்டும். பழக்கமில்லாதவர் டெஸ்டரை வைத்தால் மூன்று பின்னிலும் கரண்ட் காட்டும். "வயரிங் எல்லாம் சோட்" என்று சொல்லி முழு வயரிங்கையும் இழுத்துப் போட்ட கார்கள் என்னிடம் வந்திருக்கின்றன. மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஆதியில் அந்தக் காருக்குப் பற்றரியின் பிளஸ்தான் எர்த். பிறகு சிலர் மாற்றியிருப்பார்கள், சிலர் விட்டிருப்பார்கள். எது என்று பார்க்காமல் கையை வைக்க வேண்டாம். அதன் ஹெட்லைட்டுக்குக் கொம்பனி பியூஸே வைக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு விசித்திரமான குறையை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பார்த்துப் பயப்படாதவர்கள் இல்லை. டிம் போட்டால் ஒரு பக்க லைட் மங்கி எரியும், டேஷ்போர்டில் ஹை பீமின் நீல விளக்கும் மினுங்கும். பேயுமில்லை, பிசாசுமில்லை. அந்தப் பக்கத்து எர்த் விட்டுவிட்டது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், அதே பல்பின் ஹை பீம் இழைக்குள் புகுந்து, மறுபக்க ஹை பீம் இழை வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது. போகிற வழியில் நீல விளக்கையும் தொட்டுவிடுகிறது. சுவிச் பிளஸை வெட்டுகிற காரில் இந்த அடையாளத்தைக் கண்டால் எர்த் ஆணிக்குப் போங்கள். பத்து நிமிட வேலை.

அறுவடைக் காலத்து எலி கடித்த வயர் தனிக் கதை. எல்.ஈ.டி. பல்பையும் பலர் கேட்கிறார்கள். ஹலஜனுக்கென்று செய்த கிண்ணத்தில் அதைப் போட்டால் வெளிச்சம் சிதறி, எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிக்கும். நான் போட்டுக் கொடுப்பதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் திறக்கும்வரை, நம்மில் பலர் முப்பது நாற்பது வருடக் கார்களைத்தான் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டோம். எஞ்சினுக்கு ரிங் மாற்றினோம், பெயின்ட் அடித்தோம். வயரை யாரும் திறந்து பார்க்கவில்லை.

சேருடைய கார் பின்னேரம் நாலு மணிக்கு முடிந்தது. பற்றரியில் 13.9, பல்பில் 13.4. அவர் நூறு வாட் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு டேஷ்போர்டு லாச்சியைத் திறந்து, முதலில் கழற்றி வைத்திருந்த பழைய பல்புகளை ஒரு கடதாசிப் பொட்டலத்தில் எடுத்தார். "இதுகளை எறிஞ்சு விடுங்க தம்பி."

பற்றரியில் வைத்துப் பார்த்தேன். நாலில் மூன்று பளிச்சென்று எரிந்தன. ஸ்பெயாருக்கு இருக்கட்டும் என்று திரும்ப லாச்சிக்குள்ளேயே வைக்கச் சொன்னேன்.