நானோ ஆர்ட்: தமிழில் மீநுண்படக் கலை

'நானோ ஆர்ட்' என்றதும் 'நுண்கலை' என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. ஓவியம், சிற்பம், இசை, நடனம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக அந்தச் சொல் என்றோ நிலைத்துவிட்டது.

பொருள்: கண்ணுக்கு எட்டாத அமைப்புகளை, ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையால் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, நிறமேற்றி, அச்சிட்டுக் காட்சிக்கு வைக்கும் கலை. அணுக்களை நகர்த்தி உருவம் செய்வதும் இதில் சேரும். 1989இல் ஐ.பி.எம். ஆய்வாளர் டான் ஐக்லர் 35 செனான் அணுக்களை நிக்கல் பரப்பில் நகர்த்தி நிறுவனத்தின் மூன்றெழுத்துப் பெயரை எழுதியது அதற்கு முன்னோடி.

வேர்: கிரேக்கத்தில் 'நானோஸ்' என்றால் குள்ளன். 1960இல் பன்னாட்டு அலகு முறை இதை நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக ஏற்றது. 'நானோடெக்னாலஜி' 1974இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி தந்த சொல்.

தமிழில்: 'நானோ' என்றே எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. 'நானோ கலைஞன்' என்பதை 'நானா கலைஞன்?' என்ற ஐயமாகவும் படிக்க இடமிருக்கிறது. மைக்ரோவுக்கு 'நுண்' இருப்பதால், அதனினும் சிறியது 'மீநுண்'. மீயொலியில் (அல்ட்ராசவுண்ட்) வரும் அதே 'மீ'. ஆகவே 'மீநுண்படக் கலை' என்பதே எங்கள் பரிந்துரை.

எல்லா நுண்ணோக்கிப் படத்துக்கும் இப்பெயர் பொருந்தாது. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையே மீநுண் அளவு. தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். உலையில் உருகிய துளிகள் பரப்பு இழுவிசையால் உருண்டு இறுகுவதால், படத்தில் வழவழப்பான கோளங்களாகத் தெரியும். மிக அழகானவைதான். ஆனால் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து நூறு மைக்ரோமீட்டர் வரை இருக்கும் (ஒரு மைக்ரோமீட்டர் 1,000 நானோமீட்டர்). அது 'நுண்படக் கலை'. அதே எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் கிடைக்கும் டயாட்டம் பாசியின் சிலிக்கா ஓட்டில் சில துளைகள் நூறு நானோமீட்டருக்கும் கீழே போகும். அங்கேதான் 'மீநுண்' பொருந்தும்.

டயாட்டத்தைப் படமெடுக்கும் முன் 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கி உயிர்ப்பொருளை நீக்க வேண்டும். கையுறை, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி (ஃபியூம் ஹுட்) கட்டாயம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஐந்தாறு முறையாவது கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓடு அடியில் படியும்வரை பொறுத்து மேல்நீரை வடியுங்கள். இதில் அவசரப்பட்டால், உவர்நீரின் உப்பு கனசதுரப் படிகங்களாகி ஓட்டின் பரப்பை மூடிவிடும். கழுவியதில் ஒரு சொட்டை, கார்பன் ஒட்டுநாடா போட்ட அலுமினியத் தாங்கியில் இட்டு உலர்த்துங்கள்.

சிலிக்கா மின்சாரம் கடத்தாது. உலோகப் பூச்சில்லாமல் வைத்தால் எலக்ட்ரான் தேங்கி, படம் வெள்ளைக் கோடுகளாக இழுபடும். 10 நானோமீட்டர் தங்கப்பூச்சு சாதாரண உருப்பெருக்கத்துக்குப் போதும். ஒரு லட்சம் மடங்குக்குப் போனால் தங்கத்தின் மணிகளே தெரியும். ஓட்டின் வேலைப்பாடு என்று அதை நம்பிவிடக் கூடாது. அங்கே 2 அல்லது 3 நானோமீட்டர் பிளாட்டினப் பூச்சு நல்லது. ஒரே இடத்தில் நெடுநேரம் குவியம் பிடித்தாலும் தொல்லை: கற்றை பட்ட இடத்தில் கார்பன் படிந்து கறுப்புக் கட்டம் விழும். பக்கத்தில் குவியம் சரிசெய்துவிட்டு, படமெடுக்கும் இடத்துக்கு நகருங்கள்.

நிறம் கருவியிலிருந்து வருவதில்லை. உணர்வி எலக்ட்ரான்களை எண்ணுகிறது, அவ்வளவுதான். கிடைப்பது சாம்பல் நிறப் படம். ஜிம்ப் போன்ற படத்திருத்தச் செயலியில் தனி அடுக்கில் நிறமிட்டு, நிறம் மட்டும் கலக்கும் முறையைத் தேர்ந்தால் மூலத்தின் ஒளிநிழல் கெடாது. ஏற்றிய நிறத்தை இயற்கை நிறம்போல் காட்டுவது பார்வையாளருக்குச் செய்யும் துரோகம். குறிப்பில் 'நிறம் ஏற்றப்பட்டது' என எழுதுங்கள்.

கூடவே, இந்த நீளம் இத்தனை நானோமீட்டர் என்று காட்டும் அளவுகோட்டைப் படத்துக்குள் விடுங்கள். '5,000 மடங்கு' என்ற குறிப்பு சுவரளவுக்கு அச்சிட்டதும் தவறாகிவிடும். அளவுகோடு படத்தோடு சேர்ந்தே பெரிதாகும்.