ஹெராயின்: சொல் விளக்கம்

கசகசாச் செடியின் காய் முற்றுவதற்கு முன் கீறினால் வடியும் பாலை உலர்த்தி அபின் எடுக்கிறார்கள். அபினிலிருந்து பிரிக்கப்படுவது மார்ஃபின். அந்த மார்ஃபினை வேதிமுறையில் மாற்றிச் செய்த பொருளே ஹெராயின். வேதியியல் அதனை டைஅசிட்டைல் மார்ஃபின் என்று அழைக்கிறது.

ஹெராயின் என்பது முதலில் ஒரு வணிகப் பெயர். லண்டன் வேதியியலாளர் ஆல்டர் ரைட் 1874-இல் இப்பொருளை உருவாக்கியபோது அதற்கு இப்பெயர் இல்லை. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் 1897-இல் இதை மீண்டும் தயாரித்தார். மறு ஆண்டே அந்நிறுவனம் இதனை இருமல் மருந்தாக, அதுவும் மார்ஃபினைப் போல அடிமைப்படுத்தாத மருந்தாக விற்கத் தொடங்கியது. வீரமான, வீரியமிக்க என்று பொருள்படும் 'ஹெரோயிஷ்' என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து பெயர் அமைந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதன் வேர் வீரனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். திரைப்பட நாயகியைக் குறிக்கும் ஹீரோயினுக்கும் அதுவே வேர் என்பதால், தமிழில் எழுதும்போது குறில் நெடிலைக் கவனிப்பது நல்லது. அடிமைப்படுத்தும் இயல்பு வெளிப்பட்ட பின், 1913-இல் பேயர் தயாரிப்பை நிறுத்தியது. விளம்பரத்துக்காக வைத்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

'அபின்' இதைவிடப் பழைய சொல். செடியின் பாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஓபியன்' பிறந்து, அரபியில் 'அஃப்யூன்' ஆகி, நம்மிடம் அபின், அபினி என வந்து சேர்ந்தது. வடமொழியில் 'அஹிபேனம்', அதாவது பாம்பின் நுரை, என்று வழங்குவது, அரபிச் சொல்லின் ஒலிக்கு ஏற்பப் பிற்காலத்தில் கற்பித்த பொருள் என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர்.

தெருவில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் தோற்றத்தைச் சொல்லி இயல்பை மறைப்பவை. தூய்மை குறைந்து பழுப்பாக இருக்கும் வகைக்குத் தமிழ்நாட்டிலும் 'பிரவுன் சுகர்' என்றே பெயர். சர்க்கரைக்கும் இதற்கும் நிறத்தைத் தவிர எவ்வுறவும் இல்லை. பஞ்சாபில் வழங்கும் 'சிட்டா' வெள்ளை எனப் பொருள்படும். இலங்கையில் வழங்கும் 'குடு' என்ற சிங்களச் சொல்லுக்குத் தூள் என்பதே பொருள். பொட்டலத்தில் உள்ள தூளில் ஹெராயின் எவ்வளவு, கலப்படமாகச் சேர்த்த பாராசிட்டமால், காஃபின் போன்றவை எவ்வளவு என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. அளவு மீறிய உட்கொள்ளலுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெராயின் மூளைக்குள் விரைவாகப் புகுந்து, அங்கே மார்ஃபினாக மாறி, மூச்சை இயக்கும் நரம்பு மையங்களை அடக்குகிறது. கண்பாவை ஊசிமுனையளவு சுருங்குதல், மூச்சு மெதுவாதல், உதடு நீலம் பாய்தல், எழுப்பியும் விழிக்காமை ஆகியவை உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள்; அப்போது உடனடியாக மருத்துவ உதவி தேவை. நலோக்சோன் என்ற மருந்து இவ்விளைவைத் தற்காலிகமாக முறிக்கும். பழகப் பழக உடல் கூடுதல் அளவைத் தாங்கும். சில காலம் நிறுத்தினால் அத்தாங்குதிறன் குறைந்துவிடும். ஆகவே சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்து வெளிவந்தோ பழைய அளவையே மீண்டும் எடுப்பவர் இறந்துபோகும் வாய்ப்பு மிகுதி. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சி சி-யும் பரவும். நிறுத்தும்போது வரும் உடல்வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவற்றை மனவலிமையால் மட்டும் தாங்கச் சொல்வது முறையன்று. புப்ரெனார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகளால் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

இனித் தமிழ்ச் சொல். வணிகப் பெயரை மொழிபெயர்த்து 'வீரமருந்து' என்று ஆக்குவது பழைய விளம்பரத்துக்கு நாம் உயிர் கொடுப்பதாகும். ஹெராயின் என்ற ஒலிபெயர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் இனத்தை 'அபின்வழிப் போதைப்பொருள்' எனச் சுட்டுவதே தெளிவானது. 'போதை மருந்து' என்பதைவிடப் 'போதைப்பொருள்' பொருத்தம். மருத்துவர் அளந்து தரும் மார்ஃபின் புற்றுநோயாளியின் வலியைத் தணிக்கும் உண்மையான மருந்து, அதனைத் தெருப் பொட்டலத்தோடு ஒரே சொல்லில் அடைக்கலாகாது. செய்தித் தலைப்புகளில் 'பிரவுன் சுகர்' என்று எழுதுவோர், அருகிலேயே ஹெராயின் என்றும் குறிப்பிட வேண்டும்.