அந்த போன் யார் கையில் இருக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் சிறிய கிளினிக் ஒன்றை நடத்துகிறேன். வருபவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று சீட்டில் தேதி எழுதிக் கொடுப்போம். சில வருடங்களுக்கு முன் ஒரு மென்பொருள் வாங்கினோம். முந்தின நாளே எல்லோருக்கும் தானாக எஸ்எம்எஸ் போய்விடும். இனி யாரும் தேதியைத் தவறவிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கூட்டம் கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால் யார் வந்தே ஆக வேண்டும் என்று நான் கவலைப்பட்டேனோ, அவர்கள் வரவில்லை.

அவர்களில் ஒருவர் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் அம்மா. இரண்டு தேதி தவறிப்போய், கடைசியில் கால் விரலில் புண்ணோடு வந்தார். "மெசேஜ் வந்திருக்குமே அம்மா?" என்று கேட்டேன். "அது மகன் நம்பர் டாக்டரம்மா. அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ஞாயித்துக்கிழமை போன்ல பேசும்போதுதான் சொன்னான், அப்பவே தேதி முடிஞ்சுபோச்சு" என்றார். காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் வலியும் தெரியவில்லை. அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் கணினியில் அவர் பெயருக்கு நேராக 'செய்தி சேர்ந்தது' என்று பச்சை நிறத்தில் இருந்தது. அந்தப் பச்சையை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

சர்க்கரை நோயில் இந்த மூன்று மாதக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் எச்பிஏ1சி பரிசோதனை அளக்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலை அதில் தெரிந்துவிடும்; அன்று காலை மட்டும் இனிப்பைத் தவிர்த்துவிட்டு வந்தால் மறைக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்ச்சி மூன்றையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றிலுமே ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாவிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர யாருக்குத்தான் தோன்றும்? அதனால்தான் நினைவூட்டல் தேவைப்படுகிறது.

நினைவூட்டினால் பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், நினைவூட்டல் இல்லாதபோது 67.8 சதவீதம் பேர் குறித்த நாளில் வந்தார்கள். கைபேசிச் செய்தி போனவர்களில் 78.6 சதவீதம், போனில் கூப்பிட்டுப் பேசியவர்களில் 80.3 சதவீதம். செய்திக்கும் பேச்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, செய்தியில் செலவு குறைவு. சரி, ஆனால் அந்தக் கணக்கெல்லாம் செய்தி நோயாளியின் கண்ணில் படும் இடத்துக்குத்தான் பொருந்தும். எங்கள் ஊரில் முதல் சிக்கலே அங்கேதான்.

இப்போது புதிதாகப் பதிவு செய்யும்போது வெறும் நம்பர் மட்டும் கேட்பதில்லை. இது யாருடைய போன், அவர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறாரா, எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பீர்கள் என்று சேர்த்துக் கேட்கிறோம். நம்பரை ஒவ்வொரு முறை வரும்போதும் சரிபார்க்கிறோம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் செத்துப்போகிறது; பிறகு அதே நம்பர் வேறு யாருக்கோ போய்விடுகிறது. பழைய நம்பருக்கு நாம் அனுப்புவது யாரோ முன்பின் தெரியாதவர் கையில் போய்ச் சேரும்.

எத்தனை மணிக்கு என்ற கேள்விதான் எங்கள் ஊருக்கு முக்கியம். விடியற்காலையில் ஜீப் ஏறினால் கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை முடித்துவிட்டுச் சாயங்காலம்தான் மலை இறங்குவார்கள். மேலே பல இடங்களில் சிக்னல் கிடையாது. மென்பொருள் தன் வழக்கப்படி காலை 10 மணிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதை இரவு 7 மணிக்கு மாற்றினோம். காசு செலவில்லாத மாற்றம் இது. செய்த மாற்றங்களில் இதற்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியாது.

அடுத்தது மொழி. நிறுவனம் அமைத்துக் கொடுத்த செய்தி 'டியர் பேஷன்ட்' என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழுக்கு மாற்றச் சொன்னபோது செலவு கூடும் என்றார்கள். அதில் உண்மை உண்டு: ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான், அதற்கு மேல் போனால் இரண்டாகக் கணக்கிடப்படும். புள்ளியும் கொம்பும்கூடத் தனியாக எண்ணப்படும். அதனால் 'தங்களின் மேலான கவனத்திற்கு' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாள், நேரம், வெறும் வயிறு என்ற மூன்றை மட்டும் வைத்தோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கிறது. பிறகு மாற்றுவது மறுபடியும் ஒரு சுற்று வேலை. ஆகவே பதிவு செய்வதற்கு முன் அந்த வாசகத்தை நாலைந்து நோயாளிகளிடம் படிக்கக் கொடுங்கள். 'உணவருந்தாமல் வரவும்' என்று நாங்கள் எழுதியதைப் பார்த்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து ஒரு பெரியவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார். இப்போது 'தண்ணீர் குடிக்கலாம்' என்று சேர்த்திருக்கிறோம்.

இந்த வெறும் வயிற்று விஷயம் நான் நினைத்ததைவிடப் பெரியது. மறந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டால், 'இனி போய் என்ன பயன், டாக்டரம்மா திட்டுவாங்க' என்று வராமலே இருந்துவிடுகிறார்கள். எச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. பாதத்தைப் பார்க்கவும் தேவையில்லை. 'டீ குடித்துவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள்' என்பதையும் சொல்லத் தொடங்கினோம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் குரல் அழைப்பு. கணினிக் குரல் வேண்டாம் என்று எங்கள் நர்ஸையே பேச வைத்துப் பதிவு செய்தோம்: "நம்ம கிளினிக்ல இருந்து பேசுறேன்மா. நாளைக்குக் காலையில உங்களுக்கு செக்கப் இருக்கு. வர முடியலைன்னா இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க, நானே கூப்பிடுறேன்." ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று வைத்துப் பார்த்தோம், வயதானவர்கள் பதறினார்கள். மிஸ்டு கால் எல்லோருக்கும் தெரியும், காசும் ஆகாது. காசநோய்க்கான 99டாட்ஸ் முறையும் இதே எண்ணத்தில் வந்ததுதான். மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே மறைந்திருக்கும் எண் தெரியும். அதற்கு இலவசமாகக் கூப்பிட்டால் அன்றைய மாத்திரை கணக்கில் ஏறிவிடும். நோயாளி தன் பக்கத்திலிருந்து ஏதாவது சொல்ல அதில் வழி இருந்தது. எங்கள் பழைய எஸ்எம்எஸ்ஸில் அது இல்லை. வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டால் அவருக்கு வேறு தேதி கிடைக்கும், அந்த இடத்தில் இன்னொருவரைப் பார்க்கலாம்.

லண்டன் மருத்துவமனை ஒன்றில் செய்த சோதனையின் முடிவு 2015இல் வெளிவந்தது. நீங்கள் வராவிட்டால் அரசு மருத்துவச் சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண்ட் நஷ்டம் என்று செய்தியில் சேர்த்ததும், வராதவர்கள் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதமாகக் குறைந்தார்கள். இங்கேயும் அப்படி அனுப்பலாமே என்று நண்பரான மருத்துவர் ஒருவர் கேட்டார். எனக்கு உடன்பாடில்லை. இங்கே கைக்காசு போட்டு, கூலியையும் விட்டு வருபவரிடம் நஷ்டக் கணக்குச் சொன்னால், அடுத்த முறை வெட்கப்பட்டு வேறு ஊருக்குப் போவார், இல்லையென்றால் எங்குமே போகமாட்டார்.

நம் பக்கத்துத் தவற்றையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் '10 மணி' என்றே செய்தி அனுப்பினால், கடைசி ஆளைப் பார்க்கும்போது மணி ஒன்றாகிவிடும். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தவர் நம் செய்தியை அடுத்த முறை ஏன் மதிக்க வேண்டும்? இப்போது அரை மணிக்கு ஆறு பேர் என்று பிரித்துக் கொடுக்கிறோம். தாமதமானால் வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறோம். தோட்டத்துக்குப் போகிறவர்களுக்காக ஞாயிறு காலையைத் திறந்தோம். இது தொழில்நுட்பமே இல்லைதான். ஆனால் இதைச் செய்யாமல் எந்த மென்பொருள் வாங்கியும் பயன் இருந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. செய்தியில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ வேண்டாம். வேறோர் ஊர் மருத்துவமனையிலிருந்து வந்த செய்தியில் 'காசநோய்ப் பிரிவு' என்று இருந்ததை மாமியார் வீட்டில் படித்துவிட்டு, ஒரு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண் என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். வீட்டில் ஒரே போன் இருக்கும் குடும்பங்களில் ஒருவருக்கு அனுப்புவது எல்லோருக்கும் அனுப்புவதுதான். 'நம்ம கிளினிக், நாளை, காலை 9' என்பதே போதும். அனுப்பலாமா என்று முதலிலேயே கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

வராதவர் எல்லோரும் சிகிச்சையைக் கைவிட்டவர்களும் இல்லை. நாலு முறை வராத பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டபோது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றார். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம் அது. அவர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கண் பரிசோதனை மட்டும் நின்றுபோயிருந்தது. அதற்கு மட்டும் ஒரு தேதி கொடுத்தோம், வந்தார்.

சிறிய கிளினிக் நடத்தும் நண்பர்களே, மென்பொருள் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். போன வாரம் வராதவர்களின் பட்டியலை எடுத்து, இரவு 7 மணிக்கு மேல் நீங்களே கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், எப்படி இருக்கீங்க என்று பேசத் தொடங்குங்கள். எத்தனை பேர் எடுக்கிறார்கள், எடுத்தவர் நோயாளியா, மகனா, பக்கத்து வீட்டுக்காரரா என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதிக்கொள்ளுங்கள். விரலை இழந்த அந்த அம்மாவின் அட்டையில் இப்போது இரண்டு நம்பர் இருக்கிறது. ஒன்று அவருடைய பட்டன் போன். இன்னொன்று அவரோடு அதே ஜீப்பில் போகும் தோழியுடையது.