எதுவுமே படாமல் சன்ரூஃப் கண்ணாடி எப்படி உடைகிறது?

வண்டி சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் சன்ரூஃப் கண்ணாடி சுக்குநூறாகிக் கிடக்கிறது. முன்னால் லாரி இல்லை, மேலே மரமோ மேம்பாலமோ இல்லை, கல் எதுவும் வந்து விழவும் இல்லை. நிறுத்தி வைத்த கார்களில்கூட இப்படி நடப்பதுண்டு. இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எது சார் அடிச்சது?" சரி, வாரண்டியில் கேட்டுப் பார்க்கலாம் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால் அங்கே, "வெளியிலிருந்து ஏதோ பட்டிருக்கு, இது வாரண்டியில் வராது" என்பார்கள். இன்ஷூரன்ஸ்காரர் எதுவும் படவில்லையே என்கிறார், சர்வீஸ் சென்டர்காரர் பட்டிருக்கிறது என்கிறார், நடுவில் மாட்டிக்கொண்டவர் ஓட்டைக் கூரையோடு நிற்கிறார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கண்ணாடியில் அடி பட்ட நாளும் அது உடைந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

காரில் இரண்டு ரகக் கண்ணாடி இருக்கிறது. முன்பக்க வின்ட்ஷீல்டு லேமினேட்டட் ரகம்: இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் முக்கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் சில்லுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டு ஜன்னல்களும் பெரும்பாலான சன்ரூஃப்களும் டெம்பர்டு ரகம். இது ஒரே தகடுதான், 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வளைத்து, உடனே இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிக் குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உட்பகுதி அப்போதும் இளகித்தான் இருக்கும். அப்புறம் உட்பகுதி ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது ஏற்கெனவே இறுகிப்போன மேற்பரப்பு அதற்கு இடம் கொடுக்காது. இந்த இழுபறி அப்படியே உறைந்துபோகிறது. மேற்பரப்பு நிரந்தரமாக அமுக்கத்தில், உட்பகுதி நிரந்தரமாக இழுவிசையில். நாணேற்றி வைத்த வில்லை அப்படியே காரின் கூரையில் பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு இந்த வேலை என்றால், கண்ணாடியை அமுக்கி உடைப்பது கடினம், இழுத்து உடைப்பது சுலபம். எந்தக் கண்ணாடியின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண் கீறல்கள் இருக்கும், வளைத்தால் அந்தக் கீறல்கள் வாய் திறந்து விரிசலாக ஓடும். டெம்பர்டு கண்ணாடியில் மேற்பரப்பு ஏற்கெனவே 70 முதல் 100 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு அமுக்கப்பட்டிருப்பதால் கீறல்களின் வாய் மூடியே கிடக்கிறது. வெளியிலிருந்து வரும் விசை முதலில் இந்த அமுக்கத்தை ஈடுகட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கீறலைத் திறக்கவே முடியும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடியைப் போல நாலைந்து மடங்கு வலுவாக இருக்கிறது.

ஆனால் அந்த அமுக்க அடுக்கு ஒவ்வொரு பக்கமும் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான். 4 மில்லிமீட்டர் கண்ணாடியில் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர். அதற்குள் நிற்கும் கீறல் ஒன்றும் செய்யாது. அதைத் தாண்டி உள்ளே இருக்கும் இழுவிசைப் பகுதியை விரிசலின் நுனி தொட்டுவிட்டால், பிறகு யாரும் அடிக்க வேண்டியதில்லை. உள்ளே சேமித்து வைத்த ஆற்றலே விரிசலை இழுத்துக்கொண்டு ஓடும், ஓடும்போதே கிளை பிரியும், கிளையிலிருந்து கிளை பிரியும். வேகம் நொடிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள சன்ரூஃபை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கடக்க ஒரு மில்லிநொடிகூட ஆகாது. போனில் நொடிக்கு 240 ஃபிரேம் வரும் ஸ்லோமோஷனில் படம் பிடித்தாலும், ஒரு ஃபிரேமில் முழுக் கண்ணாடி இருக்கும், அடுத்த ஃபிரேமில் நொறுக்கல்தான். அந்தத் துப்பாக்கிச் சத்தமும் இந்த ஆற்றல் ஒரே மூச்சில் வெளியே வருவதால்தான். சில்லுகள் கத்தி மாதிரி நீளமாக இல்லாமல் சின்னச் சின்னக் கட்டிகளாக உடைவது தற்செயல் அல்ல. வாகனக் கண்ணாடிகளுக்கான ஐநா விதிமுறையில் 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சதுரத்தில் குறைந்தது 40 துண்டுகள் வர வேண்டும் என்றே சோதனை இருக்கிறது.

இந்த உள்ளழுத்தத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வான வெளிச்சத்தில் ஒரு காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள், சிறுத்தைத் தோல் மாதிரி வரிசையாகப் புள்ளிகள் தெரியும். தொழிற்சாலையில் காற்றுக் குழாய்கள் ஊதிய இடங்களின் தடம் அது.

இனி, 'தானாக' உடையும் விஷயத்துக்கு வருவோம். ஒரு பொடிக்கல் தெறித்து, கூரையின் கண்ணாடியில் 0.6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சின்ன கொத்தல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரையை யார் தினமும் ஏறிப் பார்க்கிறார்கள்? அது அமுக்க அடுக்குக்குள்ளேயே இருப்பதால் கண்ணாடி உடையாது. ஆனால் வண்டி குழியில் இறங்கி ஏறும்போது பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும், வெயிலில் நடுப்பகுதி ஒரு மாதிரியும் ஓரம் ஒரு மாதிரியும் விரியும், கதவைப் படாரென்று சாத்தினால் உள்ளே காற்றழுத்தம் ஒரு கணம் எகிறும். இவை ஒவ்வொன்றும் அந்தக் கொத்தலின் நுனியை ஒரு நொடி திறந்து மூடலாம், காற்றிலுள்ள ஈரம் அந்த நுனியில் இருக்கும் பிணைப்புகளை அறுக்க உதவும். வாரக்கணக்கில் நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் எல்லையைத் தாண்டும். அன்றைக்கு வண்டி நிழலில் சும்மா நின்றுகொண்டிருந்தாலும் உடையும்.

இரண்டாவது காரணம் தயாரிப்பிலேயே இருக்கிறது. கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டையும் அதையொட்டிப் புள்ளிகளும் பார்த்திருப்பீர்கள். அது பெயின்ட் அல்ல, கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட செராமிக் பூச்சு. கீழே இருக்கும் பசையை வெயிலிலிருந்து காப்பாற்ற அது தேவை, ஆனால் பூச்சு உள்ள இடத்தில் கண்ணாடியின் வலு குறைகிறது. கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடியாக இருக்கும் பனோரமிக் கூரைகளில் இந்தப் பட்டை அகலமாகவே இருக்கும். 2013 வாக்கில் தென் கொரியாவின் வாகன ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்துப் பிரச்சினையை எழுப்பியது, விவகாரம் ஐநாவின் வாகன விதிமுறைக் குழு வரை போனது. அதே ஆண்டில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமும் தானாக உடையும் சன்ரூஃப்கள் பற்றி விசாரணை தொடங்கியது. ஆகவே "கண்ணாடி அப்படியெல்லாம் தானா உடையாது" என்று கவுன்டரில் யாராவது சொன்னால் அப்படியே ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

மூன்றாவது, நிக்கல் சல்பைடு. கண்ணாடி உருகும்போது நிக்கல் கலந்த மாசு உள்ளே போனால், மணல் துகளைவிடச் சின்னதாக ஒரு கல் உருவாகிறது. 379 டிகிரிக்கு மேல் அதற்கு ஒரு படிக வடிவம், கீழே இன்னொரு வடிவம். சட்டென்று குளிர வைப்பதால் பழைய வடிவிலேயே மாட்டிக்கொண்டு, பிறகு ஆற அமர, சில சமயம் வருடங்கள் கழித்து, புது வடிவத்துக்கு மாறுகிறது. மாறும்போது 2 முதல் 4 சதவீதம் வீங்குகிறது. அது இழுவிசைப் பகுதியில் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளில் இது பிரபலமான வியாதி, 1960களிலிருந்தே ஆராய்கிறார்கள்.

வெயில் மட்டுமே உடைத்துவிட்டது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பழுதில்லாத டெம்பர்டு கண்ணாடி சுமார் 200 டிகிரி வெப்பநிலை வித்தியாசத்தைத் தாங்கும், எந்த வெயிலும் அந்த அளவுக்குப் போகாது. வெயில் கடைசித் தள்ளு தள்ளலாம், அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிந்து என்ன பயன் என்றால், இன்ஷூரன்ஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்தச் சில்லுகளில்தான் இருக்கிறது, நாம்தான் அவசரத்தில் முதல் வேலையாக அதைப் பெருக்கித் தள்ளிவிடுகிறோம். கண்ணாடி உதிராமல் நொறுங்கிய நிலையிலேயே நின்றால், விரிசல்கள் எல்லாம் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்த்துப் படம் எடுங்கள். மையத்தில் நசுங்கிய கொத்தல் தெரிந்தால் வெளியடி. இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டினாற்போலப் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இருந்து, நடுக்கோட்டில் ஒரு புள்ளி தெரிந்தால் நிக்கல் சல்பைடு என்று சந்தேகிக்கலாம். கறுப்புப் பட்டை ஓரத்திலிருந்து கிளம்பியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த விளிம்பு மேல்நோக்கிப் புடைத்திருப்பதை மட்டும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். ஓடும் காரில் கூரைக்கு மேலே காற்றழுத்தம் உள்ளே இருப்பதைவிடக் குறைவு, யார் அடித்து உடைந்திருந்தாலும் வெளியேதான் உறிஞ்சும்.

உடைந்த உடனே சுவிட்சைத் தொடாதீர்கள். சன்ரூஃபையோ உள்ளே இருக்கும் திரையையோ நகர்த்தினால் சில்லுகள் டிராக்கில் இறங்கி, கிரீஸில் ஒட்டி, கண்ணாடியோடு முடிந்திருக்க வேண்டிய செலவை மோட்டாரோடு சேர்ந்த முழு செட் வரைக்கும் கொண்டுபோய்விடும். திரை மூடியிருந்தால் அப்படியே இருக்கட்டும். மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மழையைத் தடுங்கள். இது உங்கள் கடமையும்கூட: திறந்தபடி விட்டு மழையில் சீட் நாசமானால், அதற்குத் தனியாகப் பணம் தர முடியாது என்று கம்பெனி சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள்.

பாலிசி பக்கம் வருவோம். மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும் இருந்தால் இதற்கு ஒன்றும் கிடைக்காது, நம் வண்டியின் சேதத்துக்கும் பணம் தரும் காம்ப்ரிஹென்சிவ் வேண்டும். அதிலும் 'கண்ணாடி' என்று தனி கவர் வாங்கியிருந்தால் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் வின்ட்ஷீல்டும் ஜன்னல்களும் மட்டும்தான் இருக்கும், சன்ரூஃப் பொது கிளெய்மில் போய்விடும். கல், விழுந்த கிளை, ஆலங்கட்டி, யாரோ வேண்டுமென்றே உடைத்தது எல்லாம் பொதுவாக உள்ளே வரும். 'பொருளிலேயே உள்ள குறை' என்பதை நிறையப் பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும், அது உற்பத்தியாளரின் தலையில் விழ வேண்டியது. அதனால்தான் காரணம் என்ன என்ற கேள்விக்கு இவ்வளவு மவுசு.

படிவத்தில் என்ன எழுதுவது? பார்க்காத கல்லைப் பார்த்ததாக எழுதாதீர்கள் என்பது என் கருத்து. "இந்த இடத்தில், இந்த வேகத்தில் போகும்போது சத்தம் கேட்டது, கண்ணாடி உடைந்தது, காரணம் தெரியவில்லை" என்பது முழுமையான, நேர்மையான பதில். பொய்யான விவரம் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டால் கிளெய்மே கவிழும். வண்டி வாரண்டி காலத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிவித்து, மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டியில் "வெளியடி" என்று எழுதித் தந்தால் அந்தக் காகிதமே இன்ஷூரன்ஸில் உங்களுக்கு உதவும்.

கிளெய்ம் போடுவதா வேண்டாமா என்பது வெறும் கணக்கு. நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய எக்செஸ் தொகை, இழக்கப்போகும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி), இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கொட்டேஷன் அதைவிடக் குறைவென்றால் கைக்காசு போட்டு முடிப்பதே லாபம். கொட்டேஷனில் கண்ணாடி மட்டும் இல்லாமல் ரப்பர் பீடிங், உள்ளே சுத்தம் செய்யும் கூலி, சில்லு கீறிய பெயின்ட், கிழிந்த சீட் எல்லாம் ஒரே சம்பவமாக வந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு தனியாகக் கேட்டால் இன்னொரு எக்செஸ் கேட்பார்கள். சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழற்ற விடாதீர்கள். வெளியில் வாங்கிப் பொருத்திய சன்ரூஃப் என்றால் அதை முன்பே கம்பெனிக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

மாற்றும் வேலை, கண்ணாடி நகரும் ரகமா நகராத ரகமா என்பதைப் பொறுத்தது. நகரும் கண்ணாடி பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு மூன்று ஸ்க்ரூவில்தான் நிற்கிறது, மாற்றுவது பெரிய வித்தை இல்லை. உயரம் வைப்பதில்தான் கைவண்ணம்: முன் விளிம்பு கூரை மட்டத்திலோ ஒரு மயிரிழை கீழேயோ, பின் விளிம்பு ஒரு மயிரிழை மேலேயோ இருக்க வேண்டும். மாறினால் வேகத்தில் விசில் சத்தம் கேட்கும். நகராத கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசையில் ஒட்டுகிறார்கள். அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், ஆகவே எத்தனை மணி நேரம் ஓட்டக் கூடாது என்று கேட்டு அதன்படி நடங்கள். கடைசியில் மோட்டாருக்கு மறுபடி பாடம் எடுக்க வேண்டும். எங்கே தொடக்கம், எங்கே முடிவு, எவ்வளவு தடை வந்தால் கை மாட்டியிருக்கிறது என்பதை அது சுற்றுகளை எண்ணித்தான் தெரிந்துகொள்கிறது. சுவிட்சை அழுத்திப் பிடித்து ஒரு முழுச் சுற்று திறந்து மூட விடுவார்கள். இதைச் செய்யாவிட்டால் பாதியில் நின்று திரும்பித் திறக்கும்.

கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் டெம்பர்டா லேமினேட்டடா என்று அச்சாகியிருக்கும். உங்கள் மாடலுக்கு லேமினேட்டட் கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் எடை, விலை இரண்டும் கூடும், ஆனால் உடைந்தாலும் தலையில் கொட்டாது.

வண்டியை எடுக்கும் முன், கூரையின் பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை, தடுப்பதற்காகச் செய்ததும் இல்லை. கசிந்து வருவதைச் சுற்றியுள்ள வாய்க்கால் பிடித்து, மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே விடுகிறது. அந்தக் குழாயில் ஒரே ஒரு சில்லு அடைத்திருந்தாலும் அடுத்த மழைக்குத் தண்ணீர் கால்மிதியில் நிற்கும். ஊற்றிய தண்ணீர் முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துப் பக்கமும் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.