கோதுதல்: இறகுக்கு உரிய சொல்

கோதுதல், வினைச்சொல். பறவை தன் இறகுகளை ஒவ்வொன்றாக அலகில் பற்றி உருவி, தூசியும் பேனும் நீக்கி, கலைந்ததைச் சீர்ப்படுத்துவது. ஆங்கிலத்தில் 'பிரீன்' என்பார்கள்.

இப்படி ஒரு சொல் கையில் இருக்க, 'பறவை தன் இறகுகளைச் சுத்தம் செய்துகொள்கிறது' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சுத்தம் செய்வது கோதுவதில் ஒரு பாதிதான்.

மறுபாதியை அறிய, தரையில் கிடக்கும் ஒரு காக்கை இறகை எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டின் இருபுறமும் மெல்லிய இழைகள் பிரிகின்றன. ஒவ்வோர் இழையிலிருந்தும் நுண்ணிழைகள் கிளைக்கின்றன. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. ஓர் இழையின் கொக்கிகள் அடுத்த இழையைப் பற்றியிருக்கும்வரை இறகு தகடுபோல் நிற்கும். காற்றைத் தாங்கும், நீரை உள்ளே விடாது. நுனியிலிருந்து அடிநோக்கி விரலை இழுத்தால் இழைகள் பிரிந்துபோகும். அடியிலிருந்து நுனிநோக்கி இரண்டு மூன்று முறை உருவினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். பறவையின் அலகு செய்யும் வேலை இதுதான்: பிரிந்த இழையைச் சேர்த்து, சிக்கை எடுத்து, படிய வைப்பது. பிள்ளையின் தலைமயிரில் விரல்விட்டுத் தாய் செய்வதும் இதுவே. 'தலையைக் கோதினாள்' என்று அதற்கும் அதே சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது.

'கோது' பெயர்ச்சொல்லாகவும் வரும். கரும்பு பிழிந்தபின் எஞ்சும் சக்கை கோது. புளியின் நார் கோது. ஈழத்தில் முட்டையின் ஓடும் கோதுதான். வேண்டாதது என்ற இந்தப் பொருளே விரிந்து 'குற்றம்' ஆகி, 'கோதிலா' என்றால் குற்றமற்ற என்றாயிற்று. கோதை நீக்குவதே கோதுதல் என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. குயில் மாந்தளிரைக் கோதுகிறது என்னும்போது மட்டும் பொருள் சற்று வேறு. அங்கே அது அலகால் கொத்திக் கிள்ளுவது.

ஆங்கிலச் சொல் வேறு வழியில் வந்தது. எண்ணெய் பூசுதல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து அது பிறந்தது. அதற்கும் பின்னால் இலத்தீன் இருக்கிறது. தமிழ் இழையைப் பார்த்துப் பெயரிட்டது; அங்கே எண்ணெயைப் பார்த்திருக்கிறார்கள். அந்த எண்ணெயும் உண்மையே. பெரும்பாலான பறவைகளுக்கு வாலின் அடியில், முதுகுப் பக்கம், ஒரு சுரப்பி உண்டு. வாத்து அடிக்கடி தலையைத் திருப்பி அங்கே அலகைத் தேய்த்து, பிறகு உடல் முழுதும் தடவிக்கொள்வதைக் குளக்கரையில் காணலாம். இந்த எண்ணெய் இறகு வறண்டு ஒடியாமல் காக்கிறது. இதைக் 'கோதெண்ணெய்' என்றும், சுரப்பியைக் 'கோதெண்ணெய்ச் சுரப்பி' என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. 'யூரோபைஜியல் சுரப்பி' என்று எழுதி மாணவரை மிரட்ட வேண்டியதில்லை.

எல்லாப் பறவைகளும் எண்ணெயை நம்பி இல்லை. நெருப்புக்கோழிக்கு இந்தச் சுரப்பியே கிடையாது. கொக்கு இனத்துக்கு மார்பில் சிறப்பான தூவிகள் உண்டு. அவை நுனியில் உதிர்ந்து பொடியாகிக்கொண்டே இருக்கும். மீனின் வழவழப்பு இறகில் ஒட்டிக்கொண்டால், கொக்கு அந்தப் பொடியைத் தடவி ஊறவிட்டு, நடுவிரல் நகத்தால் வாரி எடுக்கும். அந்த நகத்தின் ஓரத்தில் சீப்பைப்போலப் பற்கள் இருக்கின்றன. 'சீப்பு நகம்' என்ற பெயரே போதும்.

கோழியும் சிட்டுக்குருவியும் மண்ணில் புரள்வதைக் காண்பவர்கள் அவை அழுக்காகின்றன என்று நினைக்கக்கூடும். நடப்பது நேர்மாறு. நுண்ணிய புழுதி இறகிடையே புகுந்து மிகுதியான எண்ணெயை உறிஞ்சுகிறது. ஓர் உதறலில் எல்லாம் வெளியேறுகிறது. பிறகுதான் அமர்ந்து கோதத் தொடங்கும். இதைப் 'புழுதிக் குளியல்' என்று எழுதுகிறார்கள், தவறில்லை. 'புழுதி குடைதல்' என்பது இன்னும் பொருந்தும் என்பேன். 'குள்ளக் குளிரக் குடைந்து நீராடாதே' என்ற திருப்பாவை அடியில் குடைதல் மூழ்கி ஆடுதல். குழி பறித்தலுக்கும் அதே சொல். கோழி குழியையும் பறிக்கிறது, அதிலேயே ஆடவும் செய்கிறது.

பழைய இலக்கியத்தில் 'உளர்தல்' என்றொரு சொல்லும் உண்டு. கூந்தலைக் கோதுவதும், யாழ் நரம்பை விரலால் தடவுவதும் உளர்தல். அழகான சொல்தான், ஆனால் இன்று காதில் 'உளறல்' என்று விழுந்துவிடும் என்பதால் கவிதைக்கு விட்டுவிடுகிறேன்.

அலகுக்கு எட்டாத ஓரிடம் தலை. அங்கே பெரும்பாலும் கால் நகத்தால் சொறிந்துகொள்ள வேண்டியதுதான். தவிட்டுக்குருவிகளுக்கு அந்தக் குறை இல்லை. கூட்டமாக ஒரே கிளையில் நெருங்கி உட்கார்ந்து, ஒன்று கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ள, பக்கத்தில் இருப்பது அதன் தலையைக் கோதிவிடுகிறது.