வேளாண் பொருளியல்

செட்டிநாடு வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மடியில் ‘அக்ரி எகனாமிக்ஸ்’ நோட்டு. “ஏத்தா, வெள்ளாமைக்கு விதை தெரியும், உரம் தெரியும். இது என்ன படிப்பு?” என்று என் அம்மா கேட்டார். “கணக்குதான் அப்பத்தா” என்று முடித்துக்கொண்டாள்.

தவறில்லை. ‘எகனாமிக்ஸ்’ என்ற சொல் பிறந்ததே வீட்டுக் கணக்கில்தான். கிரேக்கத்தில் ‘ஓய்க்கோஸ்’ என்றால் வீடு. அதோடு நிர்வகிப்பதைக் குறிக்கும் சொல் சேர்ந்து ‘ஓய்க்கோனோமியா’, அதாவது குடும்பத்தைக் கட்டி நடத்துவது. நாட்டு வரவு செலவுக்கு அது ஏறியதெல்லாம் பிற்பாடு.

நகரத்தார் வீடுகளின் ‘வேறு வைத்தல்’ வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கல்யாணமான மகனை அதே வளவில், ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு என்று வைத்துவிடுவார்கள். வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம். அதற்குள் ஓட்ட வேண்டும். கூரை ஒன்றுதான், புள்ளி (தனிக் குடும்பம் என்ற கணக்கு) வேறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘விவசாயப் பொருளாதாரம்’ என்று பலரும் எழுதுகிறோம். ‘விவசாயம்’ வடமொழியின் ‘வ்யவசாய’. அங்கே அதற்கு முயற்சி, ஊக்கம் என்று பொருள். இந்தியில் இன்று தொழில், வியாபாரம். ‘பொருளாதாரம்’ என்பதில் ஆதாரமும் வடசொல்தான். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: நாட்டின் நிலையைச் சொல்லப் பொருளாதாரம் சரி, படிக்கும் துறைக்கு ‘இயல்’ வேண்டாமா? இயற்பியல், வேதியியல் போலப் பொருளியல். ஆகவே வேளாண் பொருளியல்.

‘வேளாண்மை’க்கும் ஒரு கதை உண்டு. வள்ளுவர் பயிர்த்தொழிலுக்கு வைத்த அதிகாரத்தின் பெயர் ‘உழவு’. வேளாண்மை என்று அவர் சொல்வது பிறருக்கு உதவுவதை. “தாளாற்றித் தந்த பொருளெல்லாம் தக்கார்க்கு வேளாண்மை செய்தற் பொருட்டு” (212). துறைப் பெயரின் இரண்டு சொற்களும் ஒரே குறளில்! நம் ஊர் ‘வெள்ளாமை’ இந்த வேளாண்மையின் பேச்சு வடிவம்தான்.

அப்புறம் நோட்டைப் புரட்டினேன். சாகுபடிச் செலவை அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்கள். விதை, உரம், கூலி, உழவு என்று செலவானது ஏ1. குத்தகைக்குப் பிடித்த நிலமென்றால் அந்தக் குத்தகையும் சேர்ந்து ஏ2. வீட்டு ஆட்களின் உழைப்பு, சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு, போட்ட முதலுக்கு வட்டி என எல்லாம் சேர்ந்தால் சி2.

“நான் களை எடுத்தது எதுல வருது?” என்றார் அம்மா.

“ஏ2-ல வராது அப்பத்தா. குடும்ப உழைப்புனு தனியா போடணும். எத்தனை நாள் எடுத்தீக?”

அம்மா கண்மாய்க்கரை வயலிலிருந்து ஆரம்பித்து விரல் மடக்கத் தொடங்கினார். பேத்தி பேனாவைத் திறந்தாள்.